முதல் ஓலையில் வாசித்த பெயர்

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
28.08.2025, வியாழக்கிழமை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் செவ்வாய்க்கிழமை நீ போனை வைத்த வேகத்தை நினைத்தால் நம்ப முடியவில்லை. அதற்குப் பிறகு நான் நான்கு தடவை கூப்பிட்டேன், அம்மா இரண்டு தடவை. நீ எடுக்கவில்லை. டியூட்டியில் இருப்பாள் என்று அம்மா சொல்கிறாள். இரண்டு நாள் இடைவிடாமல் டியூட்டி பார்க்க வைக்கிற ஆஸ்பத்திரி அயர்லாந்தில் இருக்காது என்பது எனக்குத் தெரியும். போனில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் உனக்குக் கோபம் வரும், உனக்குக் கோபம் வந்தால் எனக்கும் வரும், நம் இருவருக்கும் அது ஒரே அச்சு. அதனால் எழுதுகிறேன். தபாலில் போட்டால் இது உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், ஆகையால் எழுதி முடித்ததும் அம்மா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவாள். நான்கைந்து பக்கம் இருக்கும். தயவுசெய்து கடைசி வரை படி.

ஊரில் இரண்டு நாளாக மழை மூட்டம், பெய்யவில்லை. நாளை வேளாங்கண்ணியில் கொடியேற்றம், நம் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. தையற்காரர் உன் ரவிக்கை அளவு பழைய அளவுதானா என்று கேட்டனுப்பினார், அம்மா பதில் சொல்லாமல் வைத்திருக்கிறாள். மண்டபத்துக்காரர் நேற்று வந்து சாப்பாட்டுக்கு எத்தனை இலை என்று கேட்டார். நடக்குமா நடக்காதா என்றே தெரியாத கல்யாணத்துக்கு எத்தனை இலை என்று சொல்வது. ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று அனுப்பினேன். அவர் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். இந்த ஊரில் ஒரு செய்தி கோயில் வாசலைத் தாண்ட ஒரு நாள், கடைவீதிக்கு வர இன்னொரு நாள், அவ்வளவுதான்.

நடந்ததை நீ கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டிருக்கிறாய், இப்போது முழுவதும் கேள். மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையில் போன ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை. நம் கோயிலிலும் வாசித்தார்கள், நிலக்கோட்டையில் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலும் வாசித்தார்கள். இங்கே ஒரு சத்தமும் இல்லை, இங்குள்ளவர்கள் உன்னைச் சின்னப் பிள்ளையில் இருந்து பார்த்தவர்கள். அங்கே பூசை முடிகிற நேரத்தில் சாமியார், நம் பங்கைச் சேர்ந்த ஸ்டீபன்ராஜ், ஜோஸ்பின் இவர்களின் மகன் ராபினும், திண்டுக்கல்லைச் சேர்ந்த சூசைமாணிக்கம், ஆனந்தமேரி இவர்களின் மகள் சவரியம்மாளும் திருமணம் செய்ய இருக்கிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று வாசித்திருக்கிறார். ஞானஸ்நானச் சான்றிதழில் இருக்கிற பெயரைத்தானே ஓலையில் வாசிப்பார்கள். அந்தக் கோயிலில் உன்னைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கெல்லாம் உன் பெயர் ஷெர்லி. சவரியம்மாள் என்று காதில் விழுந்ததும் அங்கே இருந்த ஒவ்வொருவர் மனதிலும் நரைத்த கொண்டையும் கண்டாங்கிச் சேலையும் இடுப்பில் சுருக்குப்பையுமாக ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்துவிட்டாள். பின் வரிசையில் இருந்த ஒருத்தி ஜோஸ்பின் அம்மாளின் தோளைத் தொட்டு, 'பொண்ணுக்கு இது ரெண்டாவது கல்யாணமா மதினி' என்று கேட்டிருக்கிறாள். வெளியே வந்ததும் ஒருவர் ஸ்டீபன்ராஜின் கையைப் பிடித்துக்கொண்டு, 'வயசு முன்னப்பின்ன இருந்தா என்ன, மனசுதான முக்கியம்' என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். கேட்கும்போது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அவர்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பூ மார்க்கெட் வேலை முடிந்த கையோடு ஸ்டீபன்ராஜும் ஜோஸ்பின் அம்மாளும் காரில் வந்து இறங்கினார்கள். எப்போது வந்தாலும் அம்மாவுக்கு ஒரு பை நிறைய மல்லிகை வரும். அன்று வெறும் கை. ஐந்து மாதமாக என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டவர் அன்று சார் என்றார். அம்மா வைத்த காபியை இருவரும் தொடவில்லை. 'சார், நாங்க பாத்தது ஷெர்லி, ஓலையில வந்தது சவரியம்மாள். ரெண்டும் ஒரே புள்ளதானா, இல்ல மூத்தது ஒண்ணு இருக்கா' என்று நேராகக் கேட்டார். முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடம் நடத்தியவனிடம் பெண்ணை மாற்றிக் கொடுக்கிறாயா என்று கேட்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அம்மா மட்டும் பக்கத்தில் இல்லாவிட்டால் எழுந்து வெளியே போகச் சொல்லியிருப்பேன். பீரோவைத் திறந்து உன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பிறந்த தேதியைப் பாருங்கள், பிள்ளைக்கு இருபத்தெட்டு வயது என்றேன்.

அவர் அதைக் கையில் எடுக்கவே இல்லை. 'பேரும் தேதியும் எட்மாஸ்டருக எழுதுறதுதான சார்' என்றார். பிறகு சொன்னார், அவர்கள் கடையில் பில் போடுகிற தேவதர்ஷினி என் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளையாம். வீட்டில் அதற்கு மாயம்மாள் என்று பெயராம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தபோது நான்தான் மாற்றி எழுதினேனாம். 'அந்தப் புள்ள பெருமையாத்தான் சொல்லுச்சு. ஆனா நீங்களே சொல்லுங்க, ஊரான் புள்ளைக்கு தேவதர்ஷினி, சொந்தப் புள்ளைக்கு சவரியம்மாளா. இத நான் யாருகிட்டச் சொல்லி நம்ப வைக்க.' அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. சித்தையன்கோட்டைப் பக்கம் அந்தப் பள்ளியில் இருந்த காலத்தில் ஜூன் மாதம் ஆனால் தாய்மார்கள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். பெயர் என்ன என்று கேட்பேன். கருப்பாயி என்பார்கள், மாயம்மாள் என்பார்கள், பிச்சை என்பார்கள். நாளைக்கு இந்தப் பிள்ளை காலேஜுக்குப் போனால் இந்தப் பெயரைக் கூப்பிடும்போது வகுப்பே சிரிக்கும் என்று நினைத்து, பத்திரிகையில் பார்த்த நல்ல பெயராக ஒன்றை எழுதிவிடுவேன். பிறந்த தேதி தெரியாது என்றால் அதையும் நானே போடுவேன். வரிசை நகர வேண்டுமே. அறுபது எழுபது பிள்ளைகளுக்காவது அப்படி எழுதியிருப்பேன், பெரிய உபகாரம் செய்ததாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

வேண்டுதல் என்று சொன்னேன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது சவேரியாருக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர் என்றேன். உனக்கு எத்தனையோ தடவை சொன்ன அதே பதில். ஜோஸ்பின் அம்மாள் நல்ல மாதிரி, அவர் குரலை உயர்த்தவில்லை. 'வேண்டுதல்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமேண்ணே. பேரையே மறச்சவுக இன்னும் என்னத்த மறச்சிருக்காகளோன்னு சனம் கேக்குது, நான் என்ன பதில் சொல்ல' என்றார். சம்பந்தம் பேசும்போது, வீட்டில் கூப்பிடுகிற ஷெர்லி என்பதையே பெண்ணின் பெயராகச் சொன்னது நீயும் அம்மாவும்தான், ஆனால் நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஓலையில் எந்தப் பெயர் வரும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் எல்லாம் கூடிவந்துவிடும், அப்போது வெளியே வந்தால் வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், வரட்டும் என்று ஒரு ஓரத்தில் காத்துக்கொண்டும் இருந்தேன். அவ்வளவு வீம்பு எனக்கு. கடைசியில் அவர்கள் சொல்லிவிட்டுப் போனது இதுதான். இரண்டாம் ஓலையில் ஷெர்லி என்ற பெயர் வர வேண்டும். வராவிட்டால் மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டாம் என்று அவர்களே சாமியாரிடம் சொல்லிவிடுவார்கள்.

அன்று மதியமே நம் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ளதை அழிக்க முடியாது, ஆனால் பெற்றவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, பெண்ணுக்கும் சம்மதம் என்றால் சவரியம்மாள் என்கிற ஷெர்லி என்று சேர்த்து வாசிக்கலாம், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொடுத்தால் கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை நிலக்கோட்டைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்றார். இவ்வளவு லேசான காரியம். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். வீட்டுக்கு வந்ததும் நீ கூப்பிட்டாய். நீ அழுதுகொண்டே சொன்னது ஒன்றும் மறக்கவில்லை. நர்சிங் காலேஜில் முதல் நாள் வருகைப் பதிவு எடுக்கும்போது உன் பெயரைக் கேட்டு எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தது, மதுரையில் வேலை பார்த்தபோது சவரியம்மாள் சிஸ்டர் வருவார் என்று சொன்னதும் அனுபவசாலியாக ஒரு பெரியம்மா வரப் போகிறார் என்று நோயாளி காத்திருந்தது, நீ போய் நின்றதும் 'ட்ரெய்னிங் புள்ள வேணாம், அந்தம்மாவ வரச் சொல்லு' என்று உன்னைத் திருப்பி அனுப்பியது, எல்லாம் சொன்னாய். ஒன்பதாவது படிக்கும்போதில் இருந்து கெஞ்சுகிறேன், இந்த ஒரு தடவை விட்டுக்கொடுங்கள் என்றாய். நான் என்ன சொன்னேன், சாமி காரியத்தில் கை வைக்க முடியாது என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். நீ வைத்தது சரிதான்.

ராபின் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதில் மட்டும் நான் அப்பாவாகக் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். அவன் ஊரில் இல்லாததால் ஓலையில் வந்த பெயர் இன்னும் அவன் காதுக்குப் போகவில்லை, நீயும் அவனிடம் சொல்லவில்லை என்று அம்மா சொன்னாள். நான்கு தடவை நேரில் பார்த்திருக்கிறீர்கள், தினமும் பேசுகிறீர்கள், உன் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர் அவனுக்குத் தெரியாது. உன் மாமியார் போகும்போது, 'அவன்கிட்ட இன்னும் சொல்லல, ஞாயித்துக்கிழமை பாத்துட்டுச் சொல்லிக்கிறோம்' என்றார். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நீ சொல்லிவிடு. வெட்கப்படாதே. அங்கே உன் வார்டில் ஷெர்லி என்று ஒரு எண்பத்திரண்டு வயது அம்மாள் இருந்ததையும், இது எங்கள் காலத்துப் பெயராயிற்றே, சின்னப் பெண் உனக்கு யார் வைத்தது என்று அவர் உன்னைக் கேட்டதையும் நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். ஒரு ஊரில் புதுசாக இருப்பது இன்னொரு ஊரில் கிழடு. எந்தப் பெயரோடு போனாலும் எங்காவது ஒருவர் சிரிக்கத்தான் செய்வார். ஆனால் கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் மறைத்தால் சிரிப்போடு போகாது. மறைத்து வைப்பதைப் பற்றி உனக்கு எடுத்துச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதை இனிமேல் எழுதப் போவதில் தெரிந்துகொள்வாய்.

நேற்றுப் பகலில் தேவதர்ஷினி போன் பண்ணியது. என் நம்பரை எப்படிப் பிடித்ததோ. 'சார், பேச்சுவாக்குல மொதலாளிகிட்டச் சொன்னேன், இம்புட்டுப் பெருசாகும்னு தெரியாது, மன்னிச்சுக்கங்க சார்' என்றது. நீ உள்ளதைத்தானே சொன்னாய், உன் மேல் தப்பு இல்லை என்றேன். அதோடு விட்டிருக்கலாம். சொந்தப் பெருமை கேட்கிற ஆசையில், நான் வைத்த பெயர் உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். ரொம்பப் பிடிக்கும் என்றது. 'ஆனா எங்கம்மாவுக்கு அந்தப் பேரு வாயில வரவே இல்ல சார். பள்ளிக்கூடத்து கேட்டுல வந்து நின்னா, வேற புள்ளைகள விட்டுத்தான் என்னையக் கூப்பிடச் சொல்லும். மாயம்மாங்கறது அதுக்கு ஆத்தா பேரு. அத அழிச்சுட்டீகளேன்னு சார்கிட்டக் கேக்க அதுக்குப் பயம். போன வருசம் தவறிப்போச்சு, கடைசி வரைக்கும் என்னையத் தேவதர்ஷினின்னு கூப்பிடல. நீங்க நல்லதுதான் செஞ்சீங்க சார். எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்' என்றது. குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னது. அந்தத் தாயின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன், ஞாபகத்துக்கு வரவில்லை. நான் அன்று நிமிர்ந்தே பார்த்திருக்க மாட்டேன்.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். சுற்றி வளைத்தால் எழுதாமலே விட்டுவிடுவேன். வேண்டுதல் என்று ஒன்று கிடையாது. நீ வயிற்றில் ஏழு மாதமாக இருக்கும்போது அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தது உண்மை. நான் பயந்தது உண்மை. ஆனால் எந்தச் சாமிக்கும் நான் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை, அந்தப் பயத்தில் அதுகூடத் தோன்றவில்லை. உனக்கு ஷெர்லி மேரி என்று பெயர் வைப்பதாக நானும் அம்மாவும் அந்தோணிமுத்து மாமாவும் ஞானஸ்நானத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே பேசி முடித்திருந்தோம். மாமாதான் உனக்கு ஞானத்தகப்பன். அன்று காலைப் பூசை முடிந்து, ஞானஸ்நானத்துக்கு முன்னால், கோயிலுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டு நின்றோம். சுற்றி உறவுக்காரர்கள், என்னோடு வேலை பார்த்த வாத்தியார்கள் இரண்டு பேர். மாமா பேச்சோடு பேச்சாக, 'மச்சான் வீட்டுப் பேரெல்லாம் கல்லறைத் தோட்டத்துல வாசிக்கிற பேருக. நான் மட்டும் இல்லாட்டி இந்தப் புள்ளைக்கும் ஒரு கிழவி பேரத்தான் வச்சிருப்பாரு' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார்களும் சிரித்தார்கள். அந்தோணிமுத்து என்பது மட்டும் என்ன நேற்று வந்த பெயரா என்று நான் திருப்பிக் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. நானும் சிரித்து வைத்தேன், உள்ளே எரிந்தது.

உள்ளே போனோம். இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்று சாமியார் கேட்டார். அம்மா உன்னைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் நான் சத்தமாக, சவரியம்மாள் என்றேன். சாமியார் என்னை ஒரு தடவை பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு அந்தப் பெயரைச் சொல்லித் தண்ணீரை ஊற்றிவிட்டார். மாமாவின் முகம் செத்துவிட்டது. அந்த ஒரு நிமிடம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, இன்றைக்கு அதை எழுதக் கை கூசுகிறது. சவரியம்மாள் யார் என்று கேட்பாய். நம் வம்சத்தில் அப்படி ஒருத்தி இல்லை. அன்று காலைப் பூசை, இறந்துபோன யாரோ ஒரு சவரியம்மாளின் ஆன்மா இளைப்பாற அவள் பிள்ளைகள் ஒப்புக்கொடுத்த பூசை. தொடக்கத்தில் அந்தப் பெயரை வாசித்தார்கள், அது காதில் கிடந்தது, வாயில் வந்துவிட்டது. முகம் தெரியாத ஒரு செத்துப்போன மனுசியின் பெயரைத்தான், உன் மாமாவை மட்டம் தட்டுவதற்காக, உனக்கு வைத்தேன்.

அன்று சாயந்திரம் அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு அழுத அழுகையைப் பார்க்க முடியாமல் வேண்டுதல் என்று சொன்னேன். அவள் உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாமி பேரைச் சொன்னால் அவள் மறுபேச்சுப் பேச மாட்டாள் என்று தெரிந்துதான் சொன்னேன். அந்த வருடம் டிசம்பர் மூன்றாம் தேதி, சவேரியார் திருநாளுக்கு, அவள் ஆத்தூர் ரோட்டில் சவேரியார் சொரூபம் வைத்திருக்கிற கெபிக்குச் செருப்பில்லாமல் நடந்தாள். பதினோரு கிலோமீட்டர். நேர்ந்தது நீங்கள், நிறைவேற்றுவது நானாக இருக்கட்டும் என்றாள். அன்றிலிருந்து ஒரு வருடம் தவறியதில்லை, இருபத்தெட்டு தடவை. குதிகால் வெடித்து ரத்தம் வந்த வருடங்களும் உண்டு. நான் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் பாட்டிலோடு வண்டியில் பின்னாலேயே போயிருக்கிறேன். ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதும் பேனா என் கையில்தான் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கு மாற்றி எழுதிய அதே கை. உனக்கு மாற்றினால் அம்மாவுக்குப் பொய் தெரிந்துவிடும் என்று சவரியம்மாள் என்றே எழுதினேன். ஸ்டீபன்ராஜ் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில், தாயி. அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்று காலை அம்மாவிடம் சொன்னேன். வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கிற வரை நறுக்குவதை நிறுத்தவில்லை. பிறகு, 'எங்கண்ணன் சொன்ன ஒரு சொல்லுக்காகவா' என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து கையைக் கழுவினாள். 'எங்கிட்டச் சொன்னது பத்தாது. புள்ளைக்கு எழுதுங்க. போன்ல வேணாம், போன்ல நீங்க வாத்தியாராத்தான் பேசுவீங்க. எழுதி எங்கிட்டக் குடுங்க, நான் படிச்சுட்டு அனுப்புறேன்' என்றாள். அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் சோறு வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கு இப்போது ஸ்டீபன்ராஜைப் பற்றியோ மண்டபத்தைப் பற்றியோ பயம் இல்லை. நீங்கள் இருவரும் இனி என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்றுதான் பயமாக இருக்கிறது.

சாமியாருக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஓலையில் என் மகளின் பெயரை இப்படி வாசிக்க வேண்டும் என்று எழுதி, பெயர் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அது அம்மாவிடம் இருக்கிறது. ஷெர்லி என்று சொன்னால் ஷெர்லி. இரண்டையும் சேர்த்து என்றால் சேர்த்து. இருந்தது இருக்கட்டும் என்று நீ சொன்னாலும் சரி, ஆனால் எனக்காக அப்படிச் சொல்லாதே. நீ எதைச் சொன்னாலும் அம்மா அந்த இடத்தில் எழுதிக்கொள்வாள், நான் எழுத மாட்டேன். அந்தப் பேனாவை இனி நான் பிடிக்கிறதாக இல்லை. சனிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணி என்றால் உனக்குப் பகல் பன்னிரண்டரை, அதற்குள் சொல்ல வேண்டும். ராபினிடம் நீ பேசிவிட்டாய் என்று தெரிந்ததும் நான் பஸ் ஏறி நிலக்கோட்டைக்குப் போய், உனக்கு எழுதிய இதையே ஸ்டீபன்ராஜ், ஜோஸ்பின் அம்மாள் இருவரிடமும் சொல்லிவிட்டு வாரேன். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அது என்னால் போனது, உன்னால் அல்ல, அதை நான் எந்தக் கோயில் வாசலிலும் நின்று சொல்வேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை, முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளைத்தான் கேட்க வைத்தேன். கேட்கிறேன், தாயி. மன்னித்துக்கொள்.

குளிரில் ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. ஐந்தாம் தேதி விமானத்துக்குப் பாஸ்போர்ட்டையும் ஆஸ்பத்திரியில் கொடுத்த லீவு கடிதத்தையும் கைப்பையிலேயே வைத்துக்கொள், பெட்டிக்குள் போடாதே. கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் நீ வா. மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாற்றட்டும், நீ போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே வரட்டும் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
த. சூசைமாணிக்கம்

பாப்பா, அம்மா எழுதுறேன். எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். அப்பாவிடம் நான் பேச இன்னும் கொஞ்ச நாள் ஆகும், அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ராபினிடம் பேசிவிட்டு முதலில் எனக்குக் கூப்பிடு, அப்பாவுக்கு வேண்டாம். எந்தப் பெயர் என்று நன்றாக யோசித்துச் சொல், அவசரம் இல்லை, சனிக்கிழமை கடிதத்தோடு சாமியார் அறைக்கு முன்னால் நான் போய் உட்கார்ந்துகொள்கிறேன். டிசம்பர் மூன்றாம் தேதி நான் எப்போதும் போல நடப்பேன். இத்தனை வருடமும் சவேரியாரிடம் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனேன்.
ஆனந்தமேரி